குடோன், மில், ஃபேக்டரி ஷெட்டுக்குள்ள புகுந்த பறவைங்களை வெளியேத்துறது எப்படி? அடிக்கடி கேக்குற கேள்விங்க

பெரிய கட்டடத்துக்குள்ள புறா வந்துடுச்சு, குருவி வந்துடுச்சுன்னு கூப்பிடுறவங்க கேக்குறது திரும்பத் திரும்ப ஒண்ணேதான், ஒரகடம் வேர்ஹவுஸா இருந்தாலும் சரி, காங்கேயம் ரைஸ் மில்லா இருந்தாலும் சரி, கோயம்புத்தூர் ஸ்பின்னிங் மில்லா இருந்தாலும் சரி. அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிப் போட்டுடுறேன். வீட்டு பால்கனி புறாவுக்கு இது பொருந்தாது, இங்க பேசுறது 10 மீட்டர் உயர ஷெட், நாலஞ்சு ஷட்டர், மேல ட்ரஸ் (கூரையைத் தாங்குற இரும்புச் சட்டம்), கீழ ஃபோர்க்லிஃப்ட் ஓடிட்டே இருக்கிற இடம்.

ஒரே ஒரு புறாதான் உள்ள வந்திருக்கு. இப்பவே அனுப்பணும், என்ன பண்றது?

முதல்ல துரத்துறதை நிறுத்துங்க. நாலு பேரு கைதட்டி, கம்பு எடுத்து, விசில் அடிச்சு ஓட விட்டா அது மேலதான் போகும், கீழ வராது, பயந்த பறவைக்கு உயரம்தான் பாதுகாப்பு. அரை மணி நேரம் அப்படி துரத்துனா களைச்சுப் போய் கைக்கு எட்டாத பர்லின் (கூரை ஷீட்டைத் தாங்குற குறுக்குச் சட்டம்) மேல போய் உக்காந்துடும், அப்புறம் அன்னைக்கு பூரா அசையாது.

சாயங்காலம் வரைக்கும் விட்டுடுங்க. பொழுது சாய ஒரு அரை மணி நேரம் முன்னாடி உள்ள இருக்கிற லைட் எல்லாத்தையும் அணைங்க, ஹைபே (கூரையில தொங்குற பெரிய லைட்), ஆபீஸ் கேபின், எமர்ஜென்சி தவிர எல்லாம். ஒரே ஒரு ஷட்டரை மட்டும் முழுசா ஏத்துங்க, மத்ததை இறக்கிடுங்க. வெளிய வெளிச்சம், உள்ள இருட்டு, ஒரே வழி. ஆளுங்க எல்லாரும் அந்த ஷட்டருக்கு எதிர்ப்பக்கம் ஒதுங்கி சும்மா நிக்கணும். பாதிக்கு மேல கேஸ் இதுலயே முடிஞ்சிடும், காசு செலவே இல்ல, ஆனா ஷிஃப்ட் நடக்கும்போது லைட்டை அணைக்க ப்ரொடக்‌ஷன்ல ஒத்துக்க மாட்டாங்க, அதுதான் பெரிய சண்டை.

பகல்ல எல்லா ஷட்டரும் தொறந்துதான் கிடக்கு, ஆனாலும் ஏன் வெளிய போக மாட்டேங்குது?

மேல பாருங்க. கூரையில வெளிச்சத்துக்காக நடுநடுவுல ஸ்கைலைட் ஷீட் போட்டிருப்பாங்க இல்ல, பறவைக்கு அதுதான் வானம். உங்க ஷட்டர் உயரம் நாலு மீட்டர், கூரை பத்து மீட்டர், நடுவுல ஆறு மீட்டருக்கு வெறும் சுவர். பறவை மேல இருந்து பார்த்தா ஷட்டர் ஒரு வழியாவே தெரியாது, பளிச்சுனு இருக்கிற ஸ்கைலைட்டையே சுத்திச் சுத்தி முட்டிட்டு இருக்கும். அதனாலதான் சாயங்காலம்னு சொல்றேன், அந்த நேரத்துல ஸ்கைலைட் மங்கிடும், ஷட்டர்கிட்ட வெளிய ஒரு ஃப்ளட் லைட் போட்டு வச்சா இன்னும் நல்லது. சில இடத்துல ஸ்கைலைட் மேல தார்ப்பாய் போட்டு மூடிட்டு காலையிலயே வேலைய முடிக்கிறாங்க, ஆனா ஷீட் மேல ஆள் ஏறுறது ரிஸ்க், ஸ்கைலைட் ஷீட் ஆள் வெயிட் தாங்காது, உடைஞ்சு கீழ விழுந்து செத்தவங்க இருக்காங்க. ஒரு புறாவுக்காக அதை பண்ணாதீங்க.

லைட் அணைச்சும் போகல, நாலஞ்சு புறா உள்ளயே குடியிருக்கு. அடுத்து?

குடியிருக்குன்னா உள்ள சாப்பாடு இருக்கு, தண்ணி இருக்குன்னு அர்த்தம். கிழிஞ்ச மூட்டையில இருந்து சிந்துன தானியம், கேன்டீன்ல கீழ விழுந்த சோறு, ஏசி பைப்ல இருந்து சொட்டுற தண்ணி, ஆர்ஓ வேஸ்ட் தண்ணி போற கால்வாய். அதையெல்லாம் ரெண்டு நாள் நல்லா கூட்டி, துடைச்சு நிறுத்திடுங்க. அப்புறம் ஒரு தட்டுல கம்போ கோதுமையோ போட்டு, பக்கத்துல ஒரு கிண்ணம் தண்ணியோட, ஷட்டருக்கு உள்பக்கம் வைங்க. பசியில இறங்கி வரும். தினம் கொஞ்சம் கொஞ்சமா தட்டை வாசல் பக்கம் நகர்த்திட்டே போய் கடைசில வெளிய டாக்ல, அதாவது லாரி சரக்கு ஏத்தி இறக்குற மேடையில வைங்க. எல்லாம் வெளிய போய் தின்னுட்டு இருக்கும்போது ஷட்டரை இறக்கிடலாம். கேக்க சின்னப்புள்ளத்தனமா இருக்கும், ஆனா புறாவுக்கும் மைனாவுக்கும் இது நல்லாவே வேலை செய்யுது. இதுக்கு பொறுமையான ஒரே ஒரு ஆள் போதும், அந்த ஆள் தினம் மாறக்கூடாது.

வெளிய போனதும் அந்த தட்டை எடுத்துடுங்க, மறந்துட்டா ஊர்ல இருக்கிற புறா எல்லாம் வந்துடும்.

சிட்டுக்குருவி இந்த டெக்னிக் எதுக்கும் மசிய மாட்டேங்குதே?

குருவி கஷ்டம்தான், ஒத்துக்குறேன். அதுக்கு ஷட்டரே தேவையில்ல, ஷீட்டோட நெளிவுக்குள்ளயே வந்து போகுது. நீங்க ஷட்டர்ல நின்னு வழி விட்டா அது சிரிக்கும். குருவி விஷயத்துல வெளியேத்துறதை விட வழியைக் கண்டுபிடிச்சு அடைக்கிறதுதான் முக்கால்வாசி வேலை.

உள்ள நிரந்தரமா மாட்டிக்கிட்டதா இருந்தா, வன அலுவலர்கிட்ட எழுத்துல கேட்டுட்டு ராத்திரில பிடிக்கலாம், சட்டம் பத்தி கீழ சொல்லியிருக்கேன். இருட்டுல குருவியும் சரி புறாவும் சரி பறக்காது, எங்க அடையுதுன்னு சாயங்காலமே பார்த்து வச்சுக்கிட்டு, சிசர் லிஃப்ட்ல மெதுவா ஏறி, டார்ச்சை கண்ணுக்கு நேரா அடிச்சுட்டு, நீளக் கம்பு வச்ச மெல்லிசான கைவலையால மூடலாம். ஏறுறவர் ஹார்னஸ் போட்டிருக்கணும், லிஃப்ட் ஓட்டத் தெரிஞ்ச ஆள் கீழ இருக்கணும். மிஸ்ட் நெட்டுன்னு ஒண்ணு இருக்கு, கண்ணுக்கே தெரியாத மெல்லிய வலை, பறவை ஆராய்ச்சிக்காரங்க வளையம் மாட்டுறதுக்கு பிடிக்கிறது அதுலதான். வெளிநாட்டுல சூப்பர்மார்க்கெட்டுக்குள்ள குருவி பிடிக்க அதைத்தான் கட்டுறாங்க. நம்ம ஊர்ல அதை ஆன்லைன்ல வாங்கி நீங்களே கட்டாதீங்க, வனத்துறை அனுமதி வேணும், அதோட பழக்கம் இல்லாத ஆள் வலையில இருந்து குருவியை எடுத்தா கால் உடைஞ்சிடும்.

எங்க இருந்துதான் வருது? எல்லா கதவும் மூடித்தான் வச்சிருக்கோம்னு மெயின்டனன்ஸ்ல சொல்றாங்க.

மூடின கதவுல வராது, மூடாத ஓட்டையில வரும். மத்தியானம் பன்னெண்டு மணிக்கு லைட் எல்லாம் அணைச்சுட்டு உள்ள நடுவுல நின்னு சுத்திப் பாருங்க, எங்கெல்லாம் வெளிச்சக் கோடு தெரியுதோ அதெல்லாம் சந்தேக லிஸ்ட். பொதுவா மாட்டுற இடங்கள சொல்றேன்.

சுவர் ஷீட்டும் கூரை ஷீட்டும் சேருற இடம், கட்டருக்கு (கூரை ஓரத்துல மழைத்தண்ணி போற கால்வாய்) கீழ. ஷீட்டோட மேடு பள்ளத்துல ஒவ்வொரு மேடும் கிட்டத்தட்ட 30 மில்லிமீட்டர் உயரம், குருவிக்கு அது ராஜபாட்டை. அங்க ஃபோம் ஃபில்லர் வச்சு அடைச்சிருக்கணும், புது பில்டிங்ல காசு மிச்சம் பண்ண வைக்காம விட்டுருப்பாங்க, பழைய பில்டிங்ல வெயில்ல பொடிஞ்சு உதிர்ந்திருக்கும். அடுத்து ரிட்ஜ் வென்ட், கூரை உச்சில இருக்கிற காத்து வழி, வலை வச்சிருப்பாங்க ஆனா ஒரு ஓரம் பிய்ஞ்சு தொங்கும். அடுத்து டர்போ வென்டிலேட்டர், அதான் கூரை மேல சுத்துற காத்தாடி, சுத்துற வரைக்கும் பிரச்சினை இல்ல, பேரிங் போய் நின்னுடுச்சுன்னா அந்த இடைவெளில மைனா கூடு கட்டிடும். ஷட்டர் பெட்டி, அதாவது ஷட்டர் மேல சுருட்டிக்கிற டிரம் இருக்கிற பெட்டி, அதுக்குப் பின்னாடி ஓட்டை. கன்வேயர் சுவரைத் தாண்டுற இடம். பழைய எக்ஸாஸ்ட் ஃபேனை கழட்டிட்டு அப்படியே விட்ட வட்டம். கேபிள் ட்ரே உள்ள வர்ற இடம், எலக்ட்ரீசியன் ஒரு கேபிளுக்கு ஒரு அடி சதுரமா உடைச்சிருப்பாரு, பூச மாட்டாரு.

எச்சம் காட்டிக் கொடுக்கும். ஒரு ஓட்டைக்குக் கீழ சுவர்ல வெள்ளையா வழிஞ்சிருந்தா அது தினசரி வாசல். எச்சம் புதுசா பழசான்னு தெரியணும்னா அந்த இடத்துல கீழ ஒரு பேப்பர் ஒட்டி வச்சுட்டு மறுநாள் பாருங்க.

கூடு கட்டி முட்டை போட்டிருக்கு. அடைச்சிடலாமா?

வேண்டாம். இதுல அவசரப்பட்டு அடைச்சவங்கதான் மறுவாரம் போன் பண்ணி ஒரே நாத்தம்னு சொல்றாங்க. தாய்ப்பறவை வெளிய மாட்டிக்கும், குஞ்சு உள்ள செத்துப் போகும், அழுகும், புழு கீழ பேலட் மேல விழும். புறா ஒரு தடவைக்கு ரெண்டு முட்டை வைக்கும், 18 நாள் அளவுல பொரியும், அதுக்கப்புறம் குஞ்சு பறக்க நாலு வாரத்துக்கு மேல ஆகும். குருவிக்கு எல்லாம் வேகம், பொரிய ரெண்டு வாரத்துக்குள்ள, பறக்க இன்னொரு ரெண்டு வாரம். சிக்கல் என்னன்னா புறாவுக்கு சீசனே கிடையாது, வருஷம் பூரா வைக்கும், முதல் குஞ்சு கிளம்புறதுக்கு முன்னாடியே அடுத்த முட்டை வச்சிடும். அதனால குஞ்சு கிளம்புற அன்னைக்கு கூட்டைப் பார்க்க ஆள் வேணும், புது முட்டை இல்லன்னா அன்னைக்கே கூட்டை எடுத்து அடைங்க. இதுக்கு ஒரு சின்ன நோட்டு போட்டு, கூடு நம்பர், பார்த்த தேதி, முட்டையா குஞ்சான்னு எழுதி வச்சா ரொம்ப உதவும், ஆடிட்லயும் காட்டலாம்.

இதெல்லாம் சட்டப்படி பிரச்சினையா? புறாவுக்கெல்லாம் சட்டம் இருக்கா?

இருக்கு. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல முன்னாடி புறா வகையில மாடப்புறாவுக்கு, அதாவது நாம தினம் பாக்குற சாதாரண புறாவுக்கு மட்டும் விலக்கு இருந்துச்சு, 2022ல திருத்தம் வந்து 2023 ஏப்ரல்ல இருந்து அமலானதும் அதுவும் பாதுகாக்கப்பட்ட விலங்குங்க இருக்கிற இரண்டாம் அட்டவணைக்குள்ள வந்துடுச்சு. காக்காவை முன்ன எலி, வவ்வாலோட சேர்த்து தொல்லை விலங்குன்னு அஞ்சாம் அட்டவணையில போட்டிருந்தாங்க, அந்த அட்டவணையையே எடுத்துட்டாங்க. நிறைய பெஸ்ட் கன்ட்ரோல் ஆளுங்களுக்கே இது தெரியாது, இன்னும் பழைய கதையவே சொல்லிட்டு இருக்காங்க.

அந்தச் சட்டத்துல வேட்டைன்னா சுடுறது மட்டும் இல்ல. பொறி வைக்கிறது, கண்ணி வைக்கிறது, பிடிக்கிறது, முட்டையை சேதப்படுத்துறது, கூட்டைக் கலைக்கிறது எல்லாமே அதுல வருது. அதுக்கு மேல 1960 மிருகவதை தடுப்புச் சட்டம் தனி. கதவைத் தொறந்து, லைட்டை அணைச்சு, அதுவா வெளிய போக விடுறதை யாரும் வேட்டைன்னு சொல்லப் போறதில்ல, அதனாலதான் அதை முதல்ல சொன்னேன். பிடிச்சாகணும், முட்டையோட கூட்டை எடுத்தாகணும்னு நிலைமை வந்தா மாவட்ட வன அலுவலருக்கு ஒரு லெட்டர் போட்டு என்ன பண்ணலாம்னு எழுத்துல வாங்கிக்குங்க. விஷம், ஏர் கன் ரெண்டும் பேச்சுக்கே இடமில்ல. ஏர் கன் பெல்லட் கூரை ஷீட்ல ஓட்டை போட்டு மழைக்கு ஒழுகினதை நானே பார்த்திருக்கேன், புறா அதே இடத்துலதான் உக்காந்திருந்துச்சு.

பிடிச்சு தூரமா கொண்டு போய் விட்டா?

புறாவை கொண்டு போய் விடுறது பெட்ரோல் தண்டம். ஒரகடத்துல பிடிச்சு செங்கல்பட்டு தாண்டி விட்டாலும் உங்க வண்டிக்கு முன்னாடி அது வந்து ட்ரஸ்ல உக்காந்திருக்கும். பந்தயப் புறா எந்த இனத்துல இருந்து வந்துச்சோ அதே இனம்தான் இது. ஓட்டையை அடைக்காம பிடிக்கிறது எவ்வளவு பிடிச்சாலும் வீண், காலி இடத்துக்கு பக்கத்து குடோன் புறா வந்துடும்.

அல்ட்ராசோனிக் மெஷின், பிளாஸ்டிக் ஆந்தை, பழைய சிடி, கழுகு சத்தம், இதுல எது வேலை செய்யும்?

அல்ட்ராசோனிக் சுத்தமா வேஸ்ட். மனுஷனுக்கே கேக்காத அவ்வளவு உச்சமான கீச்சுச் சத்தம் பறவைக்கும் கேக்காது. பிளாஸ்டிக் ஆந்தை முதல் வாரம் பயம், ரெண்டாவது வாரம் அது தலை மேலயே எச்சம். சிடி, மினுக்கு ரிப்பன் வெளிய வயல்ல ஓரளவு, உள்ள காத்தே இல்லாத ஷெட்டுல என்னத்த ஆடுறது. கழுகு சத்தம் போடுற ஸ்பீக்கர் புறாவை விட ஷிஃப்ட்ல வேலை செய்யுறவங்களைத்தான் ஓட விடும். விம்பிள்டன் டென்னிஸ் மைதானத்துல ரூஃபஸ்னு ஒரு பருந்தை வச்சு புறாவை விரட்டுறாங்கன்னு வீடியோ அனுப்புறவங்க ஜாஸ்தி, நம்ம நாட்டுல சட்டப்படி பருந்து வளர்க்கவே முடியாது, அதனால அந்த வீடியோவை பார்த்து ரசிச்சுட்டு விட்டுடுங்க.

பசை ஜெல்? முள்ளு ஸ்பைக்?

பசை வேண்டவே வேண்டாம். புறா கால்ல ஒட்டி எரிச்சலாகி போகும்னு விக்கிறாங்க, நிஜத்துல குருவி முழு உடம்போட ஒட்டிக்கிட்டு துடிச்சு சாகும், ரெண்டு மாசத்துல பஞ்சும் தூசியும் படிஞ்சு பசை வெறும் அழுக்குக் கோடா ஆயிடும். ஸ்பைக் புறாவுக்கு ஜன்னல் விளிம்பு, பேரபெட் (மாடிக் கைப்பிடிச் சுவர்) மாதிரி குறுகலான இடத்துல ஓகே. குருவி, மைனாவுக்கு ஸ்பைக் போட்டா அதுங்க அந்த முள்ளையே தாங்கலா வச்சு கூடு கட்டிக்கும், நீங்க காசு கொடுத்து அதுங்களுக்கு அஸ்திவாரம் போட்டுக் கொடுத்த கணக்கு.

வலை எந்த சைஸ்ல போடணும்?

புறாவுக்கு 50 மில்லிமீட்டர் கண்ணி (வலையில இருக்கிற ஒரு ஓட்டையோட அளவு), மைனாவுக்கு 28, குருவிக்கு 19. உள்ள குருவியும் இருந்தா நேரா 19 போடுங்க, அதுல எல்லாமே அடங்கிடும். மெட்டீரியல் யூவி தாங்குற எச்டிபிஇ (ஒரு வகை பிளாஸ்டிக்) முடிச்சு வலை. சாதா நைலான் நம்ம வெயிலுக்கு சீக்கிரம் நைஞ்சு போகும். வலை தொங்கக் கூடாது, சுத்தி ஸ்டீல் கம்பி இழுத்து டென்ஷன்ல கட்டணும், தொங்குச்சுன்னா பறவை அதுலயே சிக்கி தொங்கும், அதை எடுக்க மறுபடி லிஃப்ட்டுக்கு வாடகை.

ரெண்டு விஷயம் கவனிங்க. ஸ்ப்ரிங்க்ளருக்கு கீழ வலை கட்டணும்னா ஃபயர் ஆளுகிட்ட கேக்காம கட்டாதீங்க, புகை வெளிய போற வென்டையும் அப்படித்தான். ஸ்பின்னிங் மில்லா இருந்தா 19 மில்லிமீட்டர் வலையில பறக்குற பஞ்சு படிஞ்சு ஒரே மாசத்துல போர்வை ஆயிடும், காத்தே வராது, தீ பிடிக்கவும் வாய்ப்பு. அங்க வலையை கழட்டி மாட்டுற மாதிரி ஃப்ரேம்ல போட்டு, மெஷின் க்ளீனிங் அட்டவணையிலயே அதையும் சேர்த்துடணும்.

லோடிங் நேரத்துல ஷட்டரை மூடவே முடியாது, அதுக்கு என்ன?

லாரி டாக்ல பின்பக்கமா ஒட்டி நின்னா சுத்தி இருக்கிற இடைவெளியை மூட டாக் ஷெல்டர் போடலாம். அது இல்லாத இடத்துல பிவிசி ஸ்ட்ரிப் கர்ட்டன். ஆனா ஸ்ட்ரிப்பை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவர் கண்ணு மறைக்குதுன்னு ரெண்டு பக்கமும் கட்டி வச்சிடுவாரு, எல்லா குடோன்லயும் இதே கதை. அதனால அகலம் கம்மியான, தெளிவான ஸ்ட்ரிப் வாங்குங்க, கீறல் விழுந்து மங்கினதை உடனே மாத்துங்க, அப்பதான் கட்டி வைக்க அவருக்கு காரணம் இருக்காது. காசு இருந்தா ஹைஸ்பீட் டோர். ஏர் கர்ட்டனை பறவைக்காக வாங்காதீங்க, ஈ, கொசுவுக்கு ஓகே, புறா அதுக்குள்ள சாதாரணமா பூந்து வரும்.

ஒண்ணு கவனிச்சுப் பாருங்க, புறா பெரும்பாலும் பறந்து உள்ள வர்றதில்ல, நடந்து வருது. டாக்ல சிந்துன அரிசியைக் கொத்திக்கிட்டே மெதுவா தலையை ஆட்டி ஆட்டி ஸ்ட்ரிப்புக்கு அடியில நுழைஞ்சு உள்ள வந்துடும், யாராவது ஹாரன் அடிச்சா அப்பத்தான் மேல பறக்கும். அதனால ஸ்ட்ரிப் தரையைத் தொடணும், டாக் முன்னாடி தினம் கூட்டணும்.

எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) ஆடிட் அடுத்த மாசம். ஒரு குருவி தெரிஞ்சாலும் மைனஸா?

உணவுப் பொருள் வைக்கிற, பேக் பண்ற இடத்துக்குள்ள பறவை, விலங்கு வரக்கூடாதுன்னு 2011 லைசென்ஸ் விதிகளோட நாலாவது அட்டவணையில தெளிவா இருக்கு, ஓட்டைங்களை அடைக்கணும், வலை போடணும்னும் இருக்கு. அதனால ஆடிட்டர் எழுதுவாரு. நடைமுறையில அவர் முதல்ல பாக்குறது குருவியை இல்ல, ராக் மேல இருக்கிற எச்சத்தையும், நீங்க என்ன பண்ணிட்டு இருக்கீங்கன்ற ரெக்கார்டையும்தான். எந்த ஓட்டை எப்ப அடைச்சீங்க, போட்டோ, பாக்கி எவ்வளவுன்னு ஒரு பிளான் மேல குறிச்சு வச்சிருந்தா பேச்சு வேற மாதிரி போகும். ரைஸ் மில்லுன்னா களத்துல நெல் காயும்போது பறவை வர்றதைத் தடுக்க முடியாது, அதை யாராலயும் முடியாது, உங்க சக்தியை எல்லாம் அரிசி விழற இடத்துலயும் பேக்கிங்லயும் போடுங்க.

ஸ்பின்னிங் மில்லுக்கு புறாவால என்ன நஷ்டம்? பஞ்சு என்ன திங்கிற பொருளா?

இறகுதான் நஷ்டம். பேல் (பஞ்சு மூட்டை) குடோன்ல ட்ரஸ் மேல புறா உக்காந்து கோதுற இறகு, தூவி எல்லாம் பேல் மேல விழுது, பேலைப் பிரிச்சு மிக்சிங்ல போடும்போது ஒரு சின்ன தூவி உள்ள போச்சுன்னா ப்ளோ ரூம்ல (பஞ்சைப் பிரிச்சு சுத்தம் பண்ற இடம்) அது நூறு துண்டா கிழிஞ்சு நூல்ல ஏறிடும். துணி நெய்ஞ்சு சாயம் போட்டதும்தான் தெரியும், அந்த இடம் மட்டும் சாயம் ஏறாம புள்ளி புள்ளியா நிக்கும். முடி, சணல், பிளாஸ்டிக் சாக்கு நூலோட இறகும் கன்டாமினேஷன் லிஸ்ட்ல இருக்கு, திருப்பூர்ல இருந்து திரும்பி வர்ற கம்ப்ளெயின்ட்டுக்கு யார் மேல பழி போடுறதுன்னு பார்த்தா பஞ்சு பொறுக்குற பொம்பளைங்க மேலதான் போடுவாங்க. ஒரு தடவை அண்ணாந்து ட்ரஸ்ஸையும் பார்த்துடுங்க.

எச்சத்தை எப்படி சுத்தம் பண்றது? அதுல நோய் வருமாமே?

வரும். காஞ்ச எச்சம் பொடியாகி மூச்சுல போறதுதான் ஆபத்து. ஹிஸ்டோப்ளாஸ்மா, கிரிப்டோகாக்கஸ்னு பூஞ்சைங்க அதுல வளரும், சிட்டகோசிஸ்னு ஒரு பாக்டீரியா காய்ச்சல் இருக்கு, இது எல்லாத்துக்கும் மேல வருஷக்கணக்கா அந்த தூசியை சுவாசிச்சவங்களுக்கு நுரையீரலே ஒவ்வாமையில தழும்பாகுற பிரச்சினை வருது. மும்பையில 2025ல தாதர் கபூதர்கானாவை (புறாவுக்கு தீனி போடுற இடம்) மூடினதுக்கும் அவ்வளவு சண்டை நடந்ததுக்கும் பின்னாடி இருந்த விவாதம் இதுதான்.

நம்ம ஆளுங்க பண்ற பெரிய தப்பு, கம்ப்ரசர் ஏர் கன்னை எடுத்து ட்ரஸ் மேல இருக்கிற எச்சத்தை ஊதித் தள்ளுறது. அஞ்சு நிமிஷத்துல ஷெட் பூரா வெள்ளைப் புகை, கீழ இருக்கிறவங்க எல்லாம் அதைத்தான் சுவாசிக்கிறாங்க. காஞ்ச துடைப்பமும் கூடாது. முதல்ல கீழ சரக்கை எடுத்துட்டு இல்லன்னா மூடிட்டு, பெரிய ஃபேன், ஏசி எல்லாத்தையும் நிறுத்துங்க. ஸ்ப்ரேயர்ல டிஸ்இன்ஃபெக்டன்ட் கலந்த தண்ணிய மெதுவா அடிச்சு நல்லா ஊற விடுங்க, ஊறினதும் சுரண்டி எடுத்து ரெண்டு பை போட்டுக் கட்டுங்க. செய்யுறவங்களுக்கு என்95 மாஸ்க், கண்ணாடி, கையுறை கட்டாயம், கர்ச்சீப் கட்டிக்கிட்டா போதாது. ஆஸ்துமா இருக்கிறவங்க, கீமோ எடுக்கிறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்களை அந்தப் பக்கமே விடாதீங்க. தண்ணி அடிக்கும்போது கேபிள் ட்ரே மேல அடிக்காதீங்க, கரன்ட் நிறுத்திட்டு துணியால தொடைங்க.

புறாவை அனுப்பிட்டோம், இப்ப ஸ்டாஃப் எல்லாருக்கும் உடம்பு அரிக்குது. என்ன இது?

புறா மேலயும் கூட்டுலயும் இருக்கிற மைட்டுன்னு சொல்ற குட்டிப் பூச்சி, உண்ணி. ரத்தம் குடிக்க புறா இல்லன்னதும் கூட்டுல இருந்து இறங்கி ஆளைத் தேடுது. கூட்டை எடுத்த அன்னைக்கே அந்த இடத்துல பூச்சி மருந்து அடிச்சிருக்கணும், உணவுப் பொருள் இருக்கிற இடம்னா அதுக்கு அனுமதிச்ச மருந்து மட்டும். அரிப்பு புறா போன பிறகு வர்றதால நிறைய பேரு மூட்டைப்பூச்சின்னு நினைச்சு மெத்தை, சேர் எல்லாத்துக்கும் அடிச்சுட்டு இருப்பாங்க.

செக்யூரிட்டி அண்ணன் தினம் காலைல அரிசி போடுறாரு. சொன்னா புண்ணியம்ங்கறாரு. குருவி கூடு கலைச்சா லட்சுமி போயிடும்னு ஓனரம்மாவே சொல்றாங்க.

இதுல சண்டை போட்டா தோத்துடுவீங்க. காக்காவுக்கு சோறு வைக்காம சாப்பிடாத வீடுங்க நம்ம வீடுங்க, வாசல்ல நெற்கதிர் கொத்து கட்டி குருவி கொத்துறதைப் பாக்குறது சந்தோஷம்தான். போடுறதை நிறுத்தச் சொல்லாதீங்க, இடத்தை மாத்தச் சொல்லுங்க. ஷெட்ல இருந்து தள்ளி, காம்பவுண்ட் ஓரம் மரத்தடியில, காலைல மட்டும், அதுங்க தின்னு முடிக்கிற அளவு. குருவிக்கு வெளிச் சுவர்ல மரப்பெட்டிக் கூடு நாலு மாட்டிடுங்க, மார்ச் 20 சிட்டுக்குருவி தினத்துக்கு ஓனரம்மா கையாலயே மாட்டச் சொல்லுங்க, உள்ள இருக்கிற ஓட்டையை அடைக்கிறதுக்கு அதுக்கப்புறம் யாரும் தடை சொல்ல மாட்டாங்க. அண்ணனுக்கு இதெல்லாம் சொல்லும்போது சூப்பர்வைசர் மிரட்டாம, கூட உக்காந்து ஒரு டீ சாப்பிட்டுட்டு சொன்னா நல்லது.

புறா இல்ல, வேற ஏதோ இருக்கு. ராத்திரி சீறுது.

ராத்திரி சீறுற சத்தம், கீழ எலி முடியும் எலும்பும் கலந்த கரும் உருண்டை கிடந்தா அது கூகை, முகம் இதய வடிவத்துல வெள்ளையா இருக்குமே அந்த ஆந்தை. சாவு வரும்னு பயப்படுவாங்க, ஒண்ணும் ஆகாது, உங்க குடோன் எலியை சும்மா பிடிச்சுக் கொடுக்குது. குஞ்சு கிளம்புற வரைக்கும் விடுங்க, கையை நீட்டாதீங்க, நகம் கிழிச்சிடும். கூரைக்கு அடியில இறகும் வைக்கோலும் ஒட்டி கொத்துக் கொத்தா கூடு இருந்தா அது நாட்டு உழவாரன், கொசு, பூச்சி திங்கிறது. அது தரையில விழுந்து கிடந்தா பெரும்பாலும் அடிபட்டிருக்காது, கால் ரொம்பக் குட்டை, அதனால கிளம்ப சிரமப்படுது, உள்ளங்கையில வச்சு உயரத் தூக்கிப் பிடிச்சா தானா பறந்துடும்.

கூரை மேல சோலார் போட்ட பிறகுதான் புறா ஜாஸ்தி ஆச்சு, நிஜமா?

நிஜம். பேனலுக்கும் ஷீட்டுக்கும் நடுவுல நிழல், மழை படாத இடம், பூனை வராத இடம், புறாவுக்கு அதை விட என்ன வேணும். அங்க பெருகி அங்க இருந்து ரிட்ஜ் வழியா உள்ள இறங்கும். பேனலைச் சுத்தி வலைக்கம்பி கிளிப் போட்டு மூடுங்க, பேனல்ல ஓட்டை போடக் கூடாது, வாரன்ட்டி போயிடும், கிளிப் டைப் கேட்டு வாங்குங்க. எச்சம் படிஞ்சா கரன்ட்டும் குறையும்.

மால், ஆபீஸ் லாபில வந்தா?

கண்ணாடிதான் எதிரி அங்க. பறவை முட்டி விழற பக்கத்து கண்ணாடியில திரையை இறக்குங்க, ஒரு கதவை மட்டும் தொறந்து வைங்க, கடை மூடின பிறகு பாருங்க. கூட்டம் மொபைலைத் தூக்கி வீடியோ எடுத்துட்டு நிக்கிற வரைக்கும் அது இறங்காது.

காண்ட்ராக்ட் கொடுக்கலாம்னு இருக்கோம். என்ன கேக்கணும்?

கொட்டேஷன்ல மாசத்துக்கு எத்தனை புறா பிடிப்போம்னு எழுதி இருந்தா அங்கயே வேண்டாம்னு சொல்லிடுங்க, பிடிக்கிற எண்ணிக்கைக்குக் காசுன்னா ஓட்டையை அடைக்க அவருக்கு என்ன ஆசை இருக்கும்? எத்தனை ஓட்டை, எத்தனை சதுர அடி வலை, எந்த கண்ணி, எத்தனை வருஷ வாரன்ட்டின்னு எழுதி வாங்குங்க. பூம் லிஃப்ட் வாடகை யார் தலையில, ஏறுறவங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கா, ஹார்னஸ் அவங்களோடதா, ராத்திரி வேலை பார்ப்பாங்களா, இதை முதல்லயே பேசிடுங்க, கடைசில வலை விலையை விட லிஃப்ட் வாடகை தாண்டிடும். பிடிச்சது எங்க போகுதுன்னு கேளுங்க, சந்தையில விக்கிறாங்கன்னா கேஸ்ல உங்க கம்பெனி பேரும் வரும். அவங்க ஆள் சைட்டுக்கு வந்ததும் முதல் வேலையா அண்ணாந்து பார்க்காம நேரா சதுர அடி அளக்க ஆரம்பிச்சா வேற ஆளைப் பாருங்க.

அடிபட்டு கீழ விழுந்த பறவையை என்ன பண்றது? செத்ததை?

அடிபட்டதை ஓட்டை போட்ட அட்டைப்பெட்டில துணி விரிச்சு இருட்டா, அமைதியா வைங்க. வாயில தண்ணி ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போய் செத்துடும், நல்லெண்ணத்துல நிறைய பேரு பண்றது இது. முட்டி மயங்கினதுதான்னா ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல தெளிஞ்சிடும், வெளிய கொண்டு போய் பெட்டியைத் திறந்தா பறந்துடும். இறக்கை தொங்குதுன்னா சென்னைன்னா ப்ளூ கிராஸ், மத்த ஊர்ல கால்நடை மருத்துவமனை இல்லன்னா வனத்துறை. செத்தது ஒண்ணுன்னா கையுறை போட்டு பையில கட்டிப் புதைச்சிடலாம். ஒரே நேரத்துல நிறைய செத்துக் கிடந்தா, முக்கியமா காக்கா, தொடவே தொடாதீங்க, அந்த இடத்தை மூடிட்டு கால்நடை பராமரிப்புத் துறைக்கு போன் பண்ணுங்க, பறவைக் காய்ச்சலான்னு அவங்க சாம்பிள் எடுத்துப் பார்ப்பாங்க. அதுக்குள்ள ஹவுஸ்கீப்பிங்ல அள்ளிக் குப்பையில போட்டுடாம இருக்க செக்யூரிட்டிகிட்ட சொல்லி வைங்க.